செட்டிநாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஆஸ்பத்திரிக்குப் போக: வீட்டுப் படியிலிருந்து வார்டு வரை

மாற்றுத்திறனாளி ஒருவரை முதன்முதலாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறவர்கள் பொதுவாகக் கேட்பது ஒன்றுதான்: "அங்கே வீல்சேர் இருக்குமா?" அநேகமாக இருக்கும். ஆனால் வீல்சேர் கிடைத்த பிறகும் பாதி வேலை மிச்சமிருக்கிறது. உயரமான பரிசோதனைக் கட்டில், பெயரைக் கூப்பிட்டால் கேட்காத காது, இருட்டான எக்ஸ்ரே அறையைக் கண்டு மிரளும் பிள்ளை, சக்கரம் நுழையாத கழிப்பறைக் கதவு என்று ஒவ்வொருவருக்கும் தடை ஒவ்வொரு இடத்தில் வருகிறது. எந்த இடத்தில் எது தேவைப்படும் என்று முன்கூட்டியே யோசித்து, அதைத் தெளிவாகச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், பொன்னமராவதிப் பக்கம் இருந்து இந்த அலைச்சலைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கேட்பதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டியது

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 25-ஆவது பிரிவு முழுக்க மருத்துவம் பற்றியது. அரசு ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி இரண்டிலும் எல்லாப் பகுதிகளுக்கும் தடையில்லாமல் போய்வர வழி இருக்க வேண்டும், பார்ப்பதிலும் சிகிச்சையிலும் முன்னுரிமை தர வேண்டும் என்று அது சொல்கிறது. உதவித்தொகை மாதிரியான பல சலுகைகளுக்கு 40 சதவீத ஊனம் என்ற அளவுகோல் உண்டு. இந்தப் பிரிவில் அந்தக் கணக்கு இல்லை. "சான்றிதழில் 30 சதவீதம்தானே போட்டிருக்கு" என்று யாராவது சொன்னால் பின்வாங்க வேண்டாம்.

சட்டம் 21 வகை ஊனங்களைப் பட்டியலிடுகிறது. கை, கால், கண், காது மட்டுமில்லாமல் ஆட்டிசம், மனநோய், தசைச் சிதைவு, பார்க்கின்சன், ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள் அணு ரத்தசோகை, அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள், தொழுநோயிலிருந்து குணமானவர்கள் எல்லாம் அதில் அடக்கம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாதவர்கள்தான் வரிசையில் அதிகம் அவதிப்படுகிறார்கள். அவர்களுக்கு இந்த உரிமை கூடுதலாகவே தேவைப்படுகிறது.

முதல் நாள் இரவு: ஒரு தாள்

கையில் இருக்க வேண்டிய முக்கியமான பொருள் ஒரு பக்கத் தாள்தான். தமிழில் எழுதலாம். மருந்துப் பெயர்களை மட்டும் பழைய சீட்டைப் பார்த்து அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மேலே பெயர், வயது, ஊர். அடுத்து என்ன ஊனம், எத்தனை வருஷமாக. மூன்றாவதாக, இன்றைக்கு என்ன ஏற்பாடு வேண்டும். கீழே சாப்பிடும் மருந்துகள், ஒத்துக்கொள்ளாத மருந்துகள், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய போன் நம்பர். இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று டாக்டருக்கு, ஒன்று உங்களுக்கு.

மூன்றாவது வரியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "உதவி தேவை" என்று எழுதினால் எந்த சிஸ்டருக்கும் ஒன்றும் புரியாது. "தானாகக் கட்டிலில் ஏற முடியாது, தூக்கிவிட இரண்டு பேர் வேண்டும்", "உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார், முகக்கவசத்தை இறக்கிப் பேசவும்", "கூட்டத்தில் அரை மணிக்கு மேல் உட்கார மாட்டான், வெளியே வேனில் காத்திருக்கிறோம், போன் பண்ணினால் வந்துவிடுவோம்". இப்படி எழுதுங்கள்.

சிலருக்கு அந்தத் தாளில் உயிர்காக்கும் வரி ஒன்றும் இருக்க வேண்டும். முதுகுத்தண்டில் நடு நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்கு, சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தாலோ குழாய் மடங்கி அடைத்துக்கொண்டாலோ திடீரென்று ரத்த அழுத்தம் எகிறும். மண்டை இடிக்கும், முகம் சிவக்கும், வியர்த்துக் கொட்டும். இதைப் பார்த்திராத பணியாளர் வெறும் தலைவலி என்று நினைத்துவிடலாம். "தலைவலி, வியர்வை வந்தால் உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, சிறுநீர்க் குழாயைப் பார்க்கவும்" என்று பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். ஹீமோபிலியா உள்ளவருக்குத் தசையில் ஊசி போடக் கூடாது என்பதும், காதுக்குள் காக்ளியர் கருவி பொருத்தியவர் எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு முன் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதும் இதே வகை.

நம் வீட்டுப் படிகள்

செட்டிநாட்டு வீட்டில் ஆஸ்பத்திரிப் பயணத்தின் முதல் தடை வீட்டு வாசலிலேயே இருக்கிறது. உயர்ந்த திண்ணை, முகப்புக்கு ஏறும் கல்படிகள், கட்டுக்குக் கட்டு நிலைவாசல். அப்பத்தாவை உள்கட்டிலிருந்து தெருவுக்குக் கொண்டுவருவதற்குள்ளேயே எல்லோரும் களைத்துவிடுகிறார்கள். தெருவுக்குத் தெரு ஓடும் வீடாக இருந்தால் பின்கட்டு வாசலைப் போய்ப் பாருங்கள். அங்கே படி குறைவாக இருந்தால் வண்டியை அந்தத் தெருவுக்கு வரச் சொல்லிவிடலாம்.

பலகை போட்டுச் சறுக்கி இறக்கலாம் என்று தோன்றும். சாய்தளத்துக்கான அளவு 1:12. அதாவது ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். மூன்று படிக்கு நாலடிப் பலகை போட்டால் நாற்காலி கையை விட்டு ஓடிவிடும். ஆள் இருந்தால் படியில் இறக்குவதே மேல். இரண்டு பேர் வேண்டும். பலசாலி பின்கைப்பிடியைப் பிடித்து நாற்காலியைப் பின்னால் சாய்க்க வேண்டும், பெரிய சக்கரத்தில் மட்டும் பாரம் நிற்கும்படி. இன்னொருவர் கீழ்ப்படியில் நின்று முன்பக்கச் சட்டத்தைப் பிடிக்க வேண்டும். கை வைக்கும் பகுதியையும் கால் வைக்கும் பலகையையும் பிடித்துத் தூக்கக் கூடாது, கழன்று கையோடு வந்துவிடும். ஒவ்வொரு படியாக, ஒருவர் குரல் கொடுக்க இறங்குங்கள். திரும்பி வரும்போது நாற்காலியின் முதுகைப் படிப்பக்கம் திருப்பி, பின்னாலிருந்து இழுத்து ஏற்ற வேண்டும். இறங்கினாலும் ஏறினாலும் உட்கார்ந்திருப்பவர் முகம் தெருவைப் பார்த்தே இருக்கும்.

காரிலோ ஆட்டோவிலோ ஏற்றும்போது முதலில் சக்கரப் பூட்டு இரண்டையும் போடுங்கள். கால் பலகையை மடக்குங்கள். பக்கவாதம் வந்தவராக இருந்தால் பலமுள்ள பக்கம் வண்டி சீட்டை ஒட்டி வரும்படி நாற்காலியை நிறுத்துங்கள். நல்ல கையால் பிடித்து, நல்ல காலை ஊன்றி அவரே முக்கால்வாசி வேலையைச் செய்துவிடுவார். கக்கத்தில் கை கொடுத்துத் தூக்குவதைத் தவிருங்கள், தளர்ந்த தோள் மூட்டு நழுவிவிடும்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு: அரசுப் பேருந்துகளில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் கூட வரும் உதவியாளர் ஒருவருக்கும் டிக்கெட் இல்லை. அடையாள அட்டையைக் கையிலேயே வைத்திருங்கள். 108 அவசரத்துக்கு மட்டும்.

எந்த ஆஸ்பத்திரி

காய்ச்சல், சர்க்கரை, காயம் என்றால் பக்கத்து அரசு ஆஸ்பத்திரி போதும். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், சிங்கம்புணரி எல்லா இடத்திலும் உண்டு. ஊனச் சான்றிதழ், சிறப்பு மருத்துவர், பெரிய பரிசோதனை என்றால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. திருமயம், பொன்னமராவதி, அரிமளம் பக்கத்தவர்களுக்கு மாவட்டம் புதுக்கோட்டை என்பதால் சான்றிதழுக்கு அங்கேதான் போக வேண்டும். சிவகங்கைப் பக்கம் என்று நினைத்துக் கிளம்பிப் போய்த் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கும் மேலே என்றால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனை. செயற்கைக் கால், காலிபர் (பலமில்லாத காலைத் தாங்க மாட்டும் சட்டம்), நீண்ட நாள் மறுவாழ்வுச் சிகிச்சைக்குச் சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது.

எங்கே போனாலும் கிளம்புவதற்கு முன் ஒரு போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள். அந்த டாக்டர் எந்தக் கிழமை வருகிறார்? ஓபி அறை தரைத்தளத்திலா, மாடியிலா? மாடி என்றால் லிஃப்ட் ஓடுகிறதா? ஓடவில்லை என்று சொன்னால், "டாக்டர் கீழே வந்து பார்க்க முடியுமா?" என்று அப்போதே கேட்டுவிடுங்கள். காலையில் கூட்டத்துக்கு நடுவே கேட்பதைவிட முதல் நாள் கேட்டால் ஒத்துக்கொள்கிறார்கள்.

ஓபி சீட்டு வாங்கும் இடத்தில்

நோயாளியை வரிசையில் நிறுத்தாதீர்கள். நிழலில் உட்கார வைத்துவிட்டு, கூட வந்தவர் அட்டையோடு கவுண்ட்டருக்குப் போகட்டும். "அண்ணே, மாற்றுத்திறனாளிக்குச் சீட்டு வேணும், வெளியே வீல்சேர்ல இருக்காங்க" என்று சொன்னால் போதும். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தால் அட்டையைக் காட்டி ஒரு வார்த்தை பணிவாகச் சொல்லுங்கள். நம் ஊரில் பெரும்பாலானவர்கள் விலகி வழிவிடுவார்கள்.

சீட்டு கைக்கு வந்ததும் இதைச் செய்யுங்கள்: அதன் மேல் ஓரத்தில் சிவப்பு மையால் ஒரே வரி எழுதித் தரும்படி கவுண்ட்டரில் இருப்பவரையோ சிஸ்டரையோ கேளுங்கள். "காது கேளாதவர், எழுதிக் காட்டவும்." "பார்வையற்றவர், கையைப் பிடித்து அழைக்கவும்." "வீல்சேர், முன்னுரிமை." அந்தச் சீட்டுதான் டாக்டர், ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, மருந்து கொடுக்கும் இடம் என்று எல்லா ஜன்னலுக்கும் போகப் போகிறது. எங்கள் வீட்டில் அண்ணனுக்கு இப்படி எழுதி வாங்க ஆரம்பித்த பிறகு, ஒவ்வொரு ஜன்னலிலும் முதலிலிருந்து கதை சொல்லும் வேலை இல்லாமல் போயிற்று.

யாருக்கு என்ன கேட்பது

கால் ஊனம், முதுகுத்தண்டு பாதிப்பு உள்ளவர்கள்: பரிசோதனைக் கட்டில் உயரம்தான் பெரிய தொல்லை. நாற்காலியில் உட்கார வைத்தே பார்க்க முடிவதை அப்படியே பார்க்கச் சொல்லலாம். படுக்க வைத்தே ஆக வேண்டும் என்றால் உயரம் குறைந்த கட்டில் கேளுங்கள். உணர்ச்சி இல்லாத உடம்பு வெறும் ஸ்ட்ரெச்சரில் நெடுநேரம் கிடந்தால் புண் வந்துவிடும். வீட்டிலிருந்து மெத்தையைக் கொண்டுபோங்கள், நாற்காலியில் இருந்தால் கால் மணிக்கு ஒருமுறை உடம்பைச் சாய்த்துப் பாரத்தை மாற்றுங்கள். காலிபர் போட்டவர்கள் எக்ஸ்ரேவுக்குக் கழற்ற நேரும். கழற்றி மாட்டத் தெரிந்த ஒருவர் கூட இருக்கட்டும். எம்ஆர்ஐ அறைக்குள் இரும்பு நாற்காலி போகக் கூடாது, காந்தம் இழுத்துவிடும்.

காது கேளாதவர்கள்: டோக்கனைக் கூப்பிடுவது கேட்காது. கதவு தெரியும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, "கையைக் காட்டிக் கூப்பிடுங்க சிஸ்டர்" என்று முன்பே சொல்லிவையுங்கள். சைகை மொழி தெரிந்த மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இல்லை என்றால் வாட்ஸ்அப் வீடியோ காலில் வரவழைக்கலாம், டாக்டரிடம் முதலில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். ஆபரேஷன் என்றால் ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: மயக்க மருந்து கொடுக்கும் வரை காதுக் கருவி காதிலேயே இருக்க வேண்டும், நினைவு திரும்பியதும் முதல் வேலையாக மாட்டிவிட வேண்டும். ஒன்றும் கேட்காமல் முகமூடிகளுக்கு நடுவே கண் விழிப்பது பெரிய பயம்.

பார்வையற்றவர்கள்: கையைப் பிடித்து இழுக்காமல், உங்கள் முழங்கைக்கு மேலே அவரைப் பிடிக்கச் சொல்லி அரையடி முன்னால் நடங்கள். "இறங்கு படி, ரெண்டு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே போனால் போதும். ஒப்புதல் படிவத்தை முழுதாகப் படித்துக் காட்டச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. கையெழுத்துப் போடத் தெரிந்தவரிடம் கைநாட்டுதான் வேண்டும் என்று கேட்கக் கூடாது.

மருந்து வாங்கிய பிறகுதான் அவர்களுக்கு உண்மையான சோதனை. அரசு ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலில் அட்டையை வெட்டிச் சிறு துண்டுகளாகத் தருவார்கள். எல்லாம் கைக்கு ஒரே மாதிரி இருக்கும். அங்கேயே ஓரமாக உட்கார்ந்து, காலை மாத்திரை அட்டைக்கு ஒரு ரப்பர் பேண்ட், மதியத்துக்கு இரண்டு, இரவுக்கு மூன்று என்று சுற்றிவிடுங்கள். வெறும் வயிற்றில் போடுவது என்றால் அட்டையின் ஒரு மூலையைக் கத்தரியுங்கள், தேதி அச்சடித்த பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு. பிறகு அவர் கையில் கொடுத்துத் தடவிப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சரியாகச் சொன்ன பிறகு எழுந்தால் போதும்.

ஆட்டிசம், மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள்: நாளின் முதல் டோக்கன் கேளுங்கள். போகப் போகும் கட்டடம், அறை, ஊசி போடும் இடம் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வந்து முதல் நாளே காட்டிவிட்டால் பாதி மிரட்சி குறையும். சத்தம் தாங்காதவர்களுக்குக் காதடைப்பு. முப்பது வயதுப் பிள்ளையைப் பற்றி டாக்டர் உங்களையே கேட்டுக்கொண்டிருந்தால், "அவன்கிட்டயே கேளுங்க சார், சொல்லுவான், சொல்லாததை நான் சொல்றேன்" என்று திருப்பிவிடுங்கள். வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளுக்கு மாவட்ட அளவிலான இடையீட்டுச் சேவை மையத்தில் பிறந்த நாள் முதல் 18 வயது வரை பார்க்கிறார்கள். எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு நல்லது.

மனநோய் உள்ளவர்களுக்கு 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தனியாக உண்டு. நோய் தணிந்திருக்கும் நாளில், தனக்காகப் பேச வேண்டியவர் யார், எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று எழுதி வைக்கலாம். பேச ஆள் தேவைப்பட்டால் 14416-க்கு எந்த நேரமும் போன் செய்யலாம்.

பெண்கள் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. பரிசோதனையின்போது கூட ஒரு பெண் இருக்க வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். ஊனமுள்ள பெண் கர்ப்பமாக வந்தால் "இவளுக்கு எதுக்கு இது" என்ற பேச்சு இன்னும் காதில் விழுகிறது. அது எனக்கு ஆறாத கோபம். குழந்தைப் பேறு பற்றி முடிவெடுக்க அவளுக்கு உரிமை உண்டு. அவள் புரிந்து, மனமார ஒப்புக்கொள்ளாமல் கருத்தடை ஆபரேஷன் செய்யக் கூடாது என்று சட்டத்தின் 10-ஆவது பிரிவு சொல்கிறது. வீட்டுப் பெரியவர்களின் கையெழுத்து அதற்கு ஈடாகாது.

வார்டில் சேர்த்தால்

கழிப்பறைக்குப் பக்கத்துக் கட்டிலாகக் கேளுங்கள். அதற்கு முன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்க் கழிப்பறையை நீங்களே பார்த்துவிடுங்கள்: கதவு 90 சென்டிமீட்டர் இருக்கிறதா, உள்ளே பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா, மேற்கத்திய வகையா. இல்லை என்றால் கம்மோடு நாற்காலி கேட்கலாம்.

பெண்கள் வார்டில் ஆண் துணையை இரவில் விட மாட்டார்கள், ஆண்கள் வார்டில் பெண் துணைக்கும் சில இடங்களில் சிக்கல் வரும். மனைவியைத் தூக்கிப் படுக்க வைக்கத் தெரிந்தவர் கணவர் ஒருவர்தான் என்றால், சேர்க்கும்போதே நிலைய மருத்துவ அலுவலரைப் பார்த்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அந்தத் துண்டுச் சீட்டு இல்லாமல் இரவுக் காவலாளியிடம் வாதாடிப் பயனில்லை.

செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்கு நிராமயா என்ற 1 லட்சம் ரூபாய்க் காப்பீடும் இருக்கிறது. புறநோயாளிச் செலவும் தெரபியும் அதில் அடங்கும் என்பதால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடையாள அட்டை

தேசிய அளவிலான தனித்துவ அட்டைக்கு ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இ-சேவை மையத்தில் செய்து தருவார்கள். ஆதார், போட்டோ, பழைய மருத்துவச் சீட்டுகள் போதும். பிறகு மருத்துவமனையில் நேரில் மதிப்பீடு. காதுக்குக் கேட்கும் திறன் சோதனை, மனவளர்ச்சிக்கு உளவியல் மதிப்பீடு எல்லாம் ஒரே நாளில் முடியாமல் போகலாம், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். அட்டையின் நிறம் சதவீதத்தைச் சொல்லும்: 40-க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம். வீல்சேர், காதுக் கருவி போன்ற உபகரணங்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும்.

மறுத்தால்

முதலில் அங்கேயே, அப்போதே. வார்டு சிஸ்டர், பிறகு நிலைய மருத்துவ அலுவலர். கத்தாமல், "இன்னது கேட்டேன், கிடைக்கவில்லை, யாரிடம் எழுதிக் கொடுக்கணும்?" என்று கேட்டாலே பல இடங்களில் காரியம் நடந்துவிடும். நடக்காவிட்டால் வெள்ளைத்தாளில் மனு எழுதுங்கள். தேதி, நேரம், எந்த இடம், என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது. உடைந்த சாய்தளம், பூட்டிய கழிப்பறை என்றால் போட்டோ. நகலில் சீல் போட்டு வாங்குங்கள், சீல் இல்லாத மனு கொடுக்காத மனு. அடுத்து திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டம், அல்லது முதலமைச்சர் உதவி மையத்தின் போன் நம்பர் 1100. அதற்கும் மேலே சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்து 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம் உண்டு என்பதை மனுவில் ஒரு வரியாகக் குறிப்பிடலாம், 89-ஆவது பிரிவு.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு

டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கும்போதே, மறுபடி வர வேண்டியதை வீட்டிலேயே முடிக்க முடியுமா என்று கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள், பிசியோதெரபி, வலி தணிப்புச் சிகிச்சை எல்லாம் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும். நேரில் போயே ஆக வேண்டிய நாளை மட்டும் காலண்டரில் குறித்துக்கொண்டு, அந்த ஒரு பக்கத் தாளில் புது மருந்துகளைச் சேர்த்து எழுதி, ஓபி சீட்டோடு ஒரே பையில் போட்டு வையுங்கள்.